ஒரு சாண் காம்பு

2024 நவம்பர் 4, திங்கள்

மனதில் இருப்பதையும் எழுத வேண்டுமா, இல்லை வலியை மட்டும் எழுதினால் போதுமா, அதை நீ சொல்லவே இல்லையே தாரணி. ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து முடித்ததும் நோட்டைக் கையில் கொடுத்தாய். "அத்தை, தெனமும் தோள்வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுங்க, என்ன வேலை செஞ்சீங்கன்னு எழுதுங்க, திங்கக்கெழமை திங்கக்கெழமை நான் படிச்சுப் பாப்பேன்" என்றாய். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாய்.

பெயர் எழுதும் இடத்தில் மயிலாத்தாள், வயது 56, இடது தோள் என்று எழுதிவிட்டேன். படிப்பு என்று ஒரு கோடு விட்டிருக்கிறாய், தோள்வலிக்குப் படிப்பு எதற்கோ. எட்டாவது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராத நாட்களைக் கழித்தால் ஆறாவது.

இன்றைய வலி ஏழு. செய்த வேலை: கறவை இரண்டு வேளை, களி கிண்டினது, துணி துவைத்தது, வீட்டுக்காரருக்கு வெந்நீர் விளாவிக் கொடுத்தது, அது சூடு அதிகம் என்று சொன்னதால் மறுபடி விளாவியது.

எதற்கு ஆப்பரேசன் என்று டாக்டர் கேட்டபோது சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். பங்குனி நோம்பித் திருவிழாவுக்கு எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். உன் ஊரும் பக்கம்தான், உனக்குத் தெரியும். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அவரும் படித்தாலும் படிப்பார் என்று விவரமாக எழுதுகிறேன். மூன்று கிளை விட்ட மரத்தை வெட்டி வந்து குழியில் நடுவார்கள். அதுதான் பதினைந்து நாளும் அம்மனுக்குப் புருசன். பெண்கள் தினமும் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் அதன் தலையில் ஊற்ற வேண்டும். கம்பம் என்னைவிட உயரம். இரண்டு கையும் தலைக்கு மேலே போனால்தான் தண்ணீர் அதன் தலையில் விழும், இல்லாவிட்டால் என் தலையில் விழும்.

கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஊற்றுகிறேன். ஒரே ஒரு வருடம் பாதியில் நின்றது. போன பங்குனியில் கை தோளுக்கு மேல் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பாவாயி என் குடத்தை வாங்கி ஊற்றிவிட்டு, "வுடுக்கா, அம்மனுக்குத் தெரியாதா" என்றாள். அம்மனுக்குத் தெரியும். மைக்கில் சொல்வது போல ஊருக்கே சொன்னாளே, அதுதான் தோளைவிட வலித்தது.

அதனால்தான் ஆப்பரேசன். வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 6, புதன்

வலி ஆறு. டாக்டர் அருட்செல்வன் இன்று சாமான்களைக் காட்டினார். தேய்ந்துபோன குண்டை எடுத்துவிட்டுப் புதுக்குண்டு வைப்பாராம். குண்டுக்குக் கீழே ஸ்டெம் என்று ஒன்று, அது கை எலும்பின் குழாய்க்குள் இறங்கி உட்காருமாம். கத்தரிக்காய்க்குக் காம்பு மாதிரி. நான் காம்பு என்றே எழுதுகிறேன். மூன்று தினுசு வைத்திருந்தார். ஒன்றில் காம்பே இல்லை. ஒன்று சுண்டுவிரல் நீளம். ஒன்று ஒரு சாண்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் முப்பது வருடம் போர்வெல் வண்டியில் இருந்தவர். ஆந்திரா, ஒரிசா எல்லாம் துளை போட்டவர். டாக்டர் பேசி முடிப்பதற்குள் அந்த ஒரு சாணை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதயே போட்ருங்க டாக்டரு. கேசிங் பைப்பு எவ்வளவு ஆழம் போகுதோ அவ்வளவு கெட்டி. மேல்மண்ணுல நிறுத்துனா சரிஞ்சுக்கும்."

"இது போர்வெல் இல்லைங்களே சார்."

"எல்லாம் ஓட்டைதானுங்க டாக்டரு."

பொறுமையான மனிதர். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நீளக் காம்பு கீழே போய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கையின் பாரம் முழுக்கக் கீழே போய்விடும், மேலே இருக்கிற எலும்புக்கு வேலை இருக்காது. "வேலை குடுக்காத எலும்பு வருசம் போகப்போகக் கரைஞ்சிடும்மா. குட்டைக் காம்புன்னா பாரம் மேல் எலும்புக்கே போகும், அது கெட்டியா இருக்கும். நாளைக்கு மாத்தணும்னு வந்தாலும் எடுக்கறது சுலபம்."

வேலை கொடுக்காவிட்டால் கரைந்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார், கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் முப்பத்தாறு வருடமாக ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கச் சொல்லாமல் ஒருவரை வைத்திருக்கிறேன். கரையவில்லை. சட்டைதான் இரண்டு அளவு கூடியிருக்கிறது.

எந்தக் காம்பு என்பது ஆப்பரேசன் மேசையில்தான் முடிவாகுமாம். குண்டை அறுத்து எடுத்ததும் எலும்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாராம். கெட்டியாக இருந்தால் குட்டை. மெத்தென்று அமுங்கினால் ஒரு சாண். இத்தனை மெசினையும் வைத்துக்கொண்டு கடைசியில் சந்தையில் மாம்பழம் வாங்குகிற மாதிரிதான்.

அப்புறம் ஒரு கேள்வி. "இதுக்கு முன்னாடி இந்தக் கை முறிஞ்சிருக்கா? எப்பவாவது விழுந்தீங்களா?"

"இல்லீங்க" என்று இவர் சொன்னார். டாக்டர் கேட்டது என்னை.

நானும் இல்லீங்க என்றேன்.

நவம்பர் 7, வியாழன்

வலி ஐந்து. களி கிண்டவில்லை. சோறு வடித்தேன். சோறு எதற்கு என்று கேட்டார்.

நவம்பர் 11, திங்கள்

வலி ஆறு. நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாய், மார்க் மட்டும் போதும் அத்தை என்று சொல்லவும் இல்லை, அதனால் தொடர்ந்து எழுதுகிறேன்.

நான் அந்தச் சாண் நீளக் காம்பைக் கேட்டு வாங்கி என் கைமேல் வைத்துப் பார்த்தேனே, "என்னத்தை, பிளவுசுக்கு அளவு எடுக்கறீங்களா" என்றாயே. ஆமாம் என்றேன். சும்மாதான் பார்த்தேன். தோளில் வைத்தால் அடி நுனி எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்தேன். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் முடிகிறது.

"இந்தக் குழாய் எல்லாருக்கும் நேராத்தான் இருக்குமா கண்ணு" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட நேர்தான் அத்தை, அதனாலதான் அந்தக் கம்பியும் நேரா செஞ்சிருக்காங்க" என்றாய்.

"நேரா இல்லாட்டி?"

"உள்ள அடிச்சு எறக்கும்போது எலும்பு வெடிச்சுக்கும். ஏன் அத்தை?"

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

வலி ஏழு. சுவரில் விரலால் நடக்கிற பயிற்சி பாதிதான் செய்தேன். இவர் ஊர் முழுக்க ஒரு சாண் காம்பின் பெருமையைச் சொல்லி முடித்து வந்துவிட்டார். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இவர் பக்கமாம். "குட்டையானது போட்டா குடத்தத் தூக்கறப்போ புடுங்கிக்கிட்டு வந்துரும்" என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். என் தோளுக்கு டீக்கடையில் ஓட்டு.

நான் கேட்டேன். "நோம்பிக் கம்பத்த என்ன முந்நூறு அடியிலயா நடறாங்க? முழங்கால் ஆழக் குழிதானுங்க. பதினஞ்சு நாள் ஊரே சுத்தி ஆடுது, சாயுதா?"

"அது சாமி" என்றார்.

ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனேன். சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனேன். நான் எங்கே போனாலும் சாவியை வைத்துவிட்டுத்தான் போவேன், மூன்று வீடு தள்ளி உப்பு வாங்கப் போனாலும்கூட. இருபத்தொரு வருடப் பழக்கம். இவர் வரும்போது வீடு பூட்டியிருந்து வெயிலில் நிற்கக் கூடாது. ஒரு தடவை நின்றார், போதும்.

நவம்பர் 19, செவ்வாய்

வலி எட்டு.

அம்மனிடமே பூக் கேட்டுவிடலாம் என்று இவர்தான் சொன்னார். டாக்டரைவிட அம்மன் பெரிது என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ ஒன்றில், சிவப்புப் பூ ஒன்றில். வெள்ளை வந்தால் குட்டைக் காம்பு, சிவப்பு வந்தால் ஒரு சாண். பூசாரி அம்மன் காலடியில் போட்டுக் குலுக்கி, சூடம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

சிவப்பு.

இவர் பூசாரியின் முதுகில் தட்டினார், ஏதோ போர்வெல்லில் தண்ணீர் வந்த மாதிரி. "நாஞ் சொல்லல? அவளுக்கே தெரியுது, ஆழம் வேணும்னு" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஆட்களிடம் சொன்னார்.

நான் பூவைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. முந்தானையில் முடிந்து வைத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

வலி தெரியவில்லை. யோசனையில் கவனிக்கவில்லை.

மறுபடி பூக் கேட்கலாமா என்று நினைத்தேன். மூன்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாமா. சாமியிடம் அப்படிப் பேரம் பேசலாமா. இவர் சீட்டாட்டத்தில் அப்படித்தான் செய்வார்.

கோயிலுக்குத் தனியாகப் போனேன். சாவி மீட்டர் பெட்டி மேல். அம்மன் முன்னால் உட்கார்ந்து, தாயே நீ அந்தக் கையை உள்ளே பார்த்திருக்க மாட்டாயா, அப்படிப் பார்த்துமா சிவப்புக் கொடுத்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவளிடமும் நான் விசயத்தை முழுதாகச் சொல்லவில்லை. எல்லாரிடமும் சொன்ன கதையைத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறேன், அதுவும் அன்றைக்கே, கை தொங்கிக்கொண்டிருக்கும்போதே. அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். பாதி விவரம் சொல்லிவிட்டு முழுப் பதில் கேட்டால் யாராக இருந்தாலும் சிவப்புத்தான் கொடுப்பார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

தாரணி, நாளை நீ இதைப் படிப்பாய். ஒரு சின்ன விசயம். பெரிதாக ஒன்றுமில்லை.

இந்த இடது கை முன்னால் ஒரு தரம் முறிந்தது. சாண் நீளக் காம்பு முடிகிற அந்த இடத்தில். ரொம்ப வருடம் ஆகிவிட்டது. மாட்டுக் கொட்டகையில் மழையில் வழுக்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பக்கத்து ஊரில் கட்டுப் போடுகிறவர் உளுந்து மாவும் முட்டையும் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். சேர்ந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. சதை மூடிவிட்டதால் வெளியே தெரியாது. நான் தடவிப் பார்த்தால் தெரியும்.

டாக்டர் கேட்டபோது மறந்துவிட்டேன்.

இதை வீட்டில் இருக்கிறவர் படிக்க மாட்டார். அவருக்கு நியூஸ் பேப்பரே யாராவது படித்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று தெரிந்துவிடுமாம்.

வலி நான்கு. எழுதிய பிறகு.

நவம்பர் 25, திங்கள்

நீ படித்துவிட்டு எழுந்து ஓடின ஓட்டத்தில் உன் செருப்பு ஒன்று என் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன்.

முழுக் கைக்கும் எக்ஸ்ரே. இதுவரை தோளை மட்டும்தான் எடுத்திருந்தார்கள். டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினதும் எனக்கே தெரிந்தது. பாதி வழியில் எலும்பு மாட்டுவண்டித் தடம் மாதிரி ஒதுங்கிப் போயிருக்கிறது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை. எலும்பு மெத்துன்னு இருந்திருந்தா நான் நீளக் காம்பத்தான் எறக்கியிருப்பேன். இந்த வளைவுல முட்டி மேசையிலயே வெடிச்சிருக்கும்மா. இனிமே நீளம்ங்கற பேச்சே இல்ல. அமுங்கினாக்கூட குட்டையே வெச்சு சிமெண்ட் போட்டு நிறுத்திடலாம்."

இவர் கதவைப் பார்த்தார். போர்வெல் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை.

"எப்ப முறிஞ்சுதும்மா?"

"அது இருக்குமுங்க, இருபது இருபத்தொரு வருசம்."

"எப்படி?"

"கெணத்துப் படியில மழையில வழுக்கிட்டனுங்க."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கி விழுந்தா பொதுவா இப்படிச் சுத்திக்கிட்டு முறியாது. துணியப் புழியற மாதிரி யாராவது முறுக்கினாத்தான்..."

"வழுக்கும்போதே சுத்திக்கிட்டு விழுந்தனுங்க."

இவர் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதுதான் இரண்டு டீ குடித்திருந்தார். வயிற்றில் அவ்வளவு இடம்.

நீ அப்போது பக்கத்தில் நின்றாய். நோட்டில் நேற்றைய பக்கத்தின் முனையை மட்டும் மடித்து என்னிடம் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதில் கொட்டகை என்று எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் கிணற்றுப் படி என்றேன். வயசானால் இப்படித்தான் இடம் மாறிப் போகிறது. மழை என்பதில் மாற்றமில்லை.

நவம்பர் 28, வியாழன்

வலி ஐந்து. திருப்பூரிலிருந்து மகள் சுகன்யா போன் செய்தாள். ஆப்பரேசனுக்கு லீவு போட்டு வருகிறாளாம்.

"டாக்டர் கேட்டாராம்மா, கை எப்படி முறிஞ்சுதுன்னு?"

"கேட்டாரு. மழையில வழுக்குனன்னு சொன்னேன்."

என்ன சொன்னேன் என்று மறுபடி கேட்டாள். டவர் கிடைக்கவில்லை போல. அந்த வருடம் அவள் இரண்டாவது படித்தாள். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும்.

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, இருந்தா போனக் குடுக்காதே" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டில். நாளைக் காலை ஆப்பரேசன். வலி இருக்கிற இடம் தெரியாமல் பயம் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மார்க் போட இடம் விடவில்லை நீ.

திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசை எது என்று நர்சைக் கேட்டுக் கும்பிட்டேன். அங்கே சாமி பாதி ஆண், பாதி பெண். இடது பாதி அம்மனுடையது. எனக்கும் போனது இடது பக்கம்தான். அவளுக்கு ஒதுக்கிய பக்கத்தில் அவளே எப்படி விட்டாள் என்று கேட்க நினைத்தேன். நாளை டாக்டர் கை நடுங்கக் கூடாது என்பதால் இன்று யாரிடமும் சண்டை வைத்துக்கொள்ளவில்லை.

கையெழுத்துப் போடும் காகிதத்தில் இவர் போட வேண்டிய இடத்தில் சுகன்யா போட்டாள். "நான் பாத்துக்கறேன்ப்பா" என்றாள். இவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார், மூடிக்கொண்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. டாக்டர் கட்டைவிரலால் அமுக்கினாராம், அமுங்கவே இல்லையாம். "உங்க வயசுல இவ்வளவு கெட்டியான எலும்பு நான் பாத்ததில்லம்மா. குட்டைக் காம்பு கச்சிதமா ஒக்காந்துச்சு, சிமெண்ட் கூட வேண்டியிருக்கல" என்றார். வேலை கொடுத்த எலும்பு. யார் கொடுத்தார்கள் என்று கேட்காதே.

பார்க்க வருகிறவர்களுக்கு இவர்தான் விளக்கம். "நீளமானது போட்டா மேல் எலும்பு கரைஞ்சிருமுங்க. அதான் நான் டாக்டருகிட்டக் கண்டிசனாச் சொல்லிட்டேன், குட்டையே போதும்னு." டீக்கடையும் கட்சி மாறிவிட்டது.

பாவாயி மட்டும் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

வலி எட்டு. ஆனால் இது வேறு வலி. புது வலி.

டிசம்பர் 21, சனி

கையைத் தூளியில் போட்டது போலத் தொங்கவிட்டிருக்கிறேன். ஆறு வாரம் இப்படியே. சுகன்யா போய்விட்டாள். கறவை இவர் பொறுப்பு. மாடு முதல் நாள் உதைத்தது. இரண்டாம் நாளும் உதைத்தது. மாட்டுக்குப் பழைய நியாயம் ஏதாவது தெரிந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

வெந்நீர் இப்போது இவரே விளாவிக்கொள்கிறார். சூடு சரியாக இருக்கிறதாம்.

டாக்டர் சொன்னது எலும்புக்கு மட்டும் இல்லை போல. இரண்டு வாரம் வேலை கொடுத்ததில் ரசம் வைக்க வந்துவிட்டது. உப்பு மட்டும் இல்லை. நான் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். அவரும் குடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இப்படித்தான் எங்கள் வீட்டில் பல விசயம் நன்றாக இருக்கிறது.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு கையால் கோலம் போட்டேன். வலி மூன்று.

பிப்ரவரி 17, திங்கள்

சுவரில் சாக்பீசால் கோடு போடச் சொன்னாய். முதல் கோடு இடுப்புக்கு மேல். இன்றைய கோடு காதுக்கு நேர். "இன்னும் நாலு விரல் அத்தை, தலையத் தாண்டிடுவீங்க" என்றாய். அந்த நாலு விரல்தான் ஒரு வாரமாக நகர மாட்டேன் என்கிறது.

இவர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "செவுத்தக் கெடுக்கறே" என்றார். அப்புறம் நானில்லாதபோது அவரும் பக்கத்தில் நின்று கையைத் தூக்கி அளந்து பார்த்திருக்கிறார். அவர் விரல் கரி அங்கே இருக்கிறது. எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்திருப்பார், நான் எதுவரை எட்டுவேன் என்று பார்த்திருப்பார், எனக்கென்ன தெரியும்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று கம்பம் நட்டார்கள். குழி முழங்கால் ஆழம். நான் போய் நின்று பார்த்தேன். மண்ணைத் தள்ளி மிதித்து இறுக்கினார்கள். சிமெண்ட் வேண்டியிருக்கவில்லை.

நீ சொன்னபடி கோடு தலையைத் தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சின்னக் குடம், பாதித் தண்ணீர், மூன்று தடவை, அதற்கு மேல் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அதை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 26, புதன்

இது திங்கட்கிழமை வரை பொறுக்காது, இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் குளித்து, மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டுச் சின்னக் குடத்தில் பாதி எடுத்தேன். வீட்டைப் பூட்டினேன். மீட்டர் பெட்டி வரைக்கும் கை போய்விட்டது. அதே இடது கை. அவ்வளவு உயரத்துக்கு வலிக்காமல் போய் நின்றது. அங்கேயே நின்று யோசித்தேன். அப்புறம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன்.

கோயிலில் கூட்டம். பாவாயி என்னைப் பார்த்ததும் குடத்தை வாங்கக் கை நீட்டினாள். "நகருடி" என்றேன். தாரணி, தூக்கினேன். காதைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. அந்த நாலு விரலும் தாண்டியது. தண்ணீர் கம்பத்தின் தலையில் விழுந்தது, என் தலையில் ஒரு சொட்டு இல்லை. இரண்டாவது குடம், மூன்றாவது குடம். மூன்றுதான், கணக்குத் தப்பவில்லை, நீ கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வரும்போது பதினொரு மணி வெயில். வீட்டு முன்னால் இவர் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது, வேர்வையில். மீட்டர் பெட்டிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயும் தேடியிருக்கிறார்.

என்னைப் பார்த்து வண்டியை விட்டு இறங்கினார். நான் நடையை நிறுத்தவில்லை. ஈரச் சேலையோடு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாவி?" என்றார்.

"இடுப்புல இருக்குதுங்க."

"எவ்வளவு நேரமா நிக்கறேன் தெரியுமா?"

"தெரியுமுங்க. கம்பத்துக்குத் தண்ணி ஊத்தப் போனனுங்க. நாளைக்கும் போவேன். பதினஞ்சு நாளும் போவேன்."

அவர் கண் என் இடது கைக்குப் போனது. கை தானாகப் பின்னால் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. குடத்தை அந்தக் கையில்தான் வைத்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக ஓரமாக நகர்ந்து, வாசலுக்கு வழி விட்டார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தவர், "மோர் இருக்குதா" என்று கேட்டார். "அடுப்படியில இருக்குதுங்க" என்றேன். எழுந்து போய் அவரே ஊற்றிக்கொண்டார்.

வலி இரண்டு. குடத்தினால் வந்தது.

நோட்டில் இன்னும் நாலு பக்கம் மிச்சம். முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நீ முனை மடித்த பக்கத்தில் நின்றேன். கொட்டகையா, கிணற்றுப் படியா, எது சரி என்று எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அந்த நாளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நோம்பியின் ஏழாம் நாள். குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாவி இடுப்பில் இருந்தது. இவர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சுகன்யா கதவோரம் நின்றாள்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த வருடம் மூன்றாவது வருடமாக மழை பொய்த்திருந்தது. ஊரில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் இல்லை. கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீரே லாரியில்தான் வந்தது.